லினக்ஸில் ஒரு நிரலின் அறிவிப்பை மட்டும் நிப்பாட்டுவது எப்படி

பின்னேர ஏ.எல். வகுப்பு. புரொஜெக்டரில் சேதன இரசாயனத் தாக்கம் ஒன்று. திரையின் மேல் நடுவில் சின்னப் பெட்டியொன்று இறங்குகிறது: “அம்மான்ரை ரிப்போர்ட் வந்திட்டுது, உடனை கோல் எடு.” வகுப்பு முழுக்க அதை வாசித்துவிடுகிறது. செய்தி வந்ததில் பிழையில்லை, அது வரத்தான் வேண்டும். சுவரில் வந்ததுதான் பிழை.

இப்படி ஒருமுறை நடந்ததும் கனபேர் ‘டூ நொட் டிஸ்டேர்ப்’ சுவிட்சைப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு பிரிண்டரில் தாள் முடிந்ததும் தெரியாது, கலண்டர் நினைவூட்டலும் தெரியாது. இன்னும் சிலர் அறிவிப்புச் சேவையையே கழற்றி எறிகிறார்கள். அது அதைவிட மோசம். சேவை இல்லையென்று கண்டதும் ஃபயர்ஃபொக்ஸ் போன்ற உலாவிகள் தங்கள் சொந்தப் பெட்டியைத் தாங்களே வரையத் தொடங்கும். அவற்றை டெஸ்க்டொப்பின் அமைப்புகளால் கட்டுப்படுத்த முடியாது.

வேண்டியது ஒரு நிரலை மட்டும் அடக்குவது. அதற்கு முதலில் அந்த அறிவிப்பு எந்தப் பெயரில் வருகிறது என்று தெரிய வேண்டும். பெயரைச் சரியாகப் பிடித்தால் மிச்சம் இரண்டு நிமிட வேலை. பிழையான பெயரைப் பிடித்தால் எத்தனை சுவிட்சை அணைத்தாலும் பெட்டி வந்துகொண்டே இருக்கும்.

கீழே கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து. பதிப்புக்குப் பதிப்பு மெனுவில் ஒரு சொல் மாறியிருக்கலாம், இடம் பெரிதாக மாறாது.

அறிவிப்பு போகும் வழி

லினக்ஸில் நிரல்கள் பெரும்பாலும் தாங்களே பெட்டி வரைவதில்லை. டி-பஸ் என்ற உள் தபால் வழியாக ‘நொட்டிஃபை’ என்ற அழைப்பை அனுப்புகின்றன. அதை வாங்கித் திரையில் காட்டுவது அறிவிப்புச் சேவை. க்னோம் என்ற டெஸ்க்டொப் சூழலில் அது உள்ளேயே இருக்கிறது, கேடிஇ பிளாஸ்மா என்ற சூழலிலும் அப்படித்தான். எக்ஸ்எஃப்சிஇயில் அதற்கென்று தனி நிரல் உண்டு. ஐ3, ஸ்வே போன்ற சாளர மேலாளர்களைப் பாவிப்பவர்கள் டன்ஸ்ட் அல்லது மாக்கோ என்ற அறிவிப்புச் சேவையைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

ஆகவே ஒரு அறிவிப்பை மறிக்க மூன்று இடங்கள் இருக்கின்றன: அனுப்புகிற நிரலின் சொந்த அமைப்பு, வாங்கிக் காட்டும் சேவை, இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஃபிளாட்பாக் வேலி (ஃபிளாட்பாக் என்பது நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுவும் ஒரு முறை). நிரலுக்குள்ளேயே நல்ல தெரிவு இருந்தால் அங்கேயே செய்யுங்கள். அங்கேதான் ‘குழுச் செய்தி வேண்டாம், தனிச் செய்தி வேண்டும்’ என்று நுணுக்கமாகப் பிரிக்கலாம். சேவைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெயரைப் பிடித்தல்

டெர்மினலைத் திறந்து டிபஸ்-மானிட்டர் என்ற கட்டளையைத் தட்டுங்கள். நடுவில் வருவது சிறுகோடு. பிறகு ஒரு இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் இன்டர்ஃபேஸ் என்ற சொல்லையும் சமன் குறியையும் போட்டு, அதையடுத்து ஒற்றை மேற்கோளுக்குள் ஓ-ஆர்-ஜி, புள்ளி, ஃப்ரீடெஸ்க்டொப், புள்ளி, நொட்டிபிக்கேஷன்ஸ் என்று எழுதுங்கள். கடைசிச் சொல்லின் முதல் எழுத்து பெரியது, முடிவில் எஸ் உண்டு. அந்த எஸ்ஸை விட்டால் பிழைச்செய்தி வராது, அறிவிப்பும் வராது. வெறும் டெர்மினலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இப்போது கரைச்சல் தரும் நிரல் அறிவிப்பு அனுப்பும்வரை பொறுங்கள், அல்லது போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பி அதைத் தூண்டிவிடுங்கள். டெர்மினலில் ‘நொட்டிஃபை’ என்ற அழைப்பின் கீழே வரிசையாகச் சில வரிகள் விழும். முதல் வரி நிரல் தனக்குச் சொல்லிக்கொண்ட பெயர். அடுத்தது ஒரு எண், புதிய அறிவிப்பென்றால் 0. பிறகு படக்குறியின் பெயர், அதன்பின் தலைப்பு, அதன்பின் செய்தி. அதற்குக் கீழே பொத்தான்களின் பட்டியல். அதற்கும் கீழே ‘குறிப்புகள்’ என்ற பகுதி இருக்கும். கடைசியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற எண். அது -1 என்றால் சேவை தீர்மானிக்கும், 0 என்றால் தானாகப் போகாது.

குறிப்புகள் பகுதியில் இரண்டை வடிவாகப் பாருங்கள். ஒன்று ‘டெஸ்க்டொப்-என்ட்ரி’. நிரலின் உத்தியோகபூர்வப் பெயர் அங்கேதான் இருக்கும், முதல் வரியில் இருக்கும் பெயர் அதோடு ஒத்துவர வேண்டும் என்றில்லை. க்னோமும் பிளாஸ்மாவும் நிரலை அடையாளம் காண இதைப் பார்க்கின்றன. டன்ஸ்டும் மாக்கோவும் பொதுவாக முதல் வரிப் பெயரை வைத்தே எழுதப்படுகின்றன. மற்றது ‘அர்ஜன்சி’: 0 குறைவு, 1 சாதாரணம், 2 அவசரம். 2 என்றிருந்தால் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

க்னோமின் சொந்த நிரல்கள் சில வேறு வாசலால் போகின்றன. ஃப்ரீடெஸ்க்டொப் இருக்கும் இடத்தில் ஜிடிகே என்று மாற்றித் தட்டினால் அவையும் தெரியும். பார்த்து முடிந்ததும் கண்ட்ரோல், சி.

க்னோம்: உபுண்டு, ஃபெடோரா, டெபியன்

செற்றிங்ஸைத் திறந்து நொட்டிபிக்கேஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். கீழே நிரல்களின் பட்டியல். வேண்டிய நிரலைத் தட்டினால் அதற்கென்று சில சுவிட்சுகள் வரும். எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேலே இருக்கும் ‘நொட்டிபிக்கேஷன்ஸ்’ சுவிட்ச் முழு அடைப்பு. அதை அணைத்தால் அந்த நிரலின் அறிவிப்பு திரையிலும் வராது, கடிகாரத்தைத் தட்டினால் விரியும் பட்டியலிலும் சேராது. அதற்குக் கீழே ‘பொப்அப்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் அணைத்தால் பெட்டி திரையில் இறங்காது, ஆனால் அறிவிப்பு பட்டியலில் காத்திருக்கும். வகுப்பெடுப்பவருக்கு வேண்டியது இதுதான். வகுப்பு முடிந்ததும் கடிகாரத்தைத் தட்டினால் அம்மாவின் ரிப்போர்ட் செய்தி அங்கே இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை உண்டு. அர்ஜன்சி 2 என்று வரும் அறிவிப்பு, பொப்அப்ஸ் அணைந்திருந்தாலும் திரைக்கு வரும். டூ நொட் டிஸ்டேர்ப் போட்டிருந்தாலும் வரும். க்னோம் அதை வேண்டுமென்றே அனுமதிக்கிறது. ‘அணைத்தேன், ஆனாலும் வருது’ என்ற முறைப்பாட்டுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். அப்படிப்பட்ட நிரலுக்கு மேல் சுவிட்ச்தான் மருந்து. எதிர்ப்பக்கமாக, அர்ஜன்சி 0 என்று வருவது க்னோமில் எப்போதுமே திரையில் இறங்காது, நேராகப் பட்டியலுக்குப் போய்விடும்.

‘பொப்அப்பில் செய்தி உள்ளடக்கத்தைக் காட்டு’ என்ற சுவிட்சை நம்பி ஏமாறாதீர்கள். அதை அணைத்தால் செய்தி மறைந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பெட்டி தானாக முழுதாக விரியாது, அவ்வளவுதான். தலைப்பும் செய்தியின் தொடக்கமும் தெரியத்தான் செய்யும். புரொஜெக்டருக்கு அது போதாது. பூட்டுத்திரைக்கென்று இருக்கும் சுவிட்ச் அப்படியல்ல, அது உள்ளடக்கத்தை உண்மையாகவே மறைக்கும். பொது இடத்தில் லப்டொப்பை வைத்துவிட்டு எழும்பிப் போகிறவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது.

நிரல் பட்டியலிலேயே இல்லையா? ஒருமுறையாவது அறிவிப்பு அனுப்பிய நிரலும், ‘நான் அறிவிப்பு அனுப்புவேன்’ என்று தன் டெஸ்க்டொப் கோப்பில் எழுதி வைத்த நிரலும்தான் பட்டியலில் ஏறும். புதிதாக நிறுவியது என்றால் ஒரு அறிவிப்பு வரவிட்டுப் பிறகு பாருங்கள். ஒரே நிரல் இரண்டுமுறை தெரிகிறதா? உபுண்டுவில் அதன் சொந்தப் பொதிமுறையான ஸ்னாப் வடிவமும் சாதாரணப் பொதியும் இரண்டும் இருந்தால் அப்படித் தெரியும். ஸ்னாப் ஃபயர்ஃபொக்ஸின் உத்தியோகபூர்வப் பெயர் ஃபயர்ஃபொக்ஸ், அடிக்கோடு, மீண்டும் ஃபயர்ஃபொக்ஸ். பழைய பதிவை அணைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது இங்கே சர்வசாதாரணம். இரண்டையும் அணையுங்கள்.

பாடசாலைக் கணினி அறையில் 20 இயந்திரங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சுவிட்ச் தட்டிக்கொண்டிருக்க ஏலாது. க்னோம் இந்தத் தெரிவுகளை டிகான்ஃப் என்ற களஞ்சியத்தில் வைக்கிறது. பாதை: ஓ-ஆர்-ஜி, க்னோம், டெஸ்க்டொப், நொட்டிபிக்கேஷன்ஸ், அப்ளிகேஷன், கடைசியாக நிரலின் பெயர். நடுவில் சாய்கோடுகள். இங்கே எல்லாமே சிறிய எழுத்து. நிரலின் பெயரில் புள்ளியோ அடிக்கோடோ இருந்தால் அது சிறுகோடாக மாறும். அந்தப் பாதையில் ‘எனேபிள்’ என்பதற்கு ‘ஃபோல்ஸ்’ கொடுத்தால் முழு அடைப்பு, ‘ஷோ-பானர்ஸ்’ என்பதற்குக் கொடுத்தால் பெட்டி மட்டும் நிற்கும்.

எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக்க, இ-டி-சி கோப்புறைக்குள் டிகான்ஃப், அதற்குள் டி-பி, அதற்குள் லோக்கல் புள்ளி டி என்ற கோப்புறையில் ஒரு சிறு கோப்பு வையுங்கள். முதல் வரியில் அந்தப் பாதையைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் சாய்கோடு வேண்டாம். அடுத்த வரியில் எனேபிள், சமன், ஃபோல்ஸ். பிறகு சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு டிகான்ஃப் அப்டேட். இது வேலை செய்ய, அதே டிகான்ஃப் கோப்புறைக்குள் புரொஃபைல் என்பதற்குள் ‘யூசர்’ என்ற கோப்பில் யூசர்-டிபி முக்காற்புள்ளி யூசர் என்ற வரியும், அதன்கீழ் சிஸ்டம்-டிபி முக்காற்புள்ளி லோக்கல் என்ற வரியும் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, பிழை என்று எதுவும் சொல்லவும் மாட்டாது. மாணவர் திரும்பப் போடாமலிருக்க வேண்டுமென்றால் லோக்கல் புள்ளி டிக்குள் ‘லொக்ஸ்’ என்ற கோப்புறை அமைத்து, அதில் ஒரு கோப்பில் எனேபிள் வரையான முழுப் பாதையை, இம்முறை முன்னுக்குச் சாய்கோட்டோடு, எழுதிவிட்டு மீண்டும் அப்டேட் செய்யுங்கள்.

கேடிஇ பிளாஸ்மா

இந்த வேலைக்கு எங்கள் தெரிவு பிளாஸ்மாதான். 2019 இல் வந்த 5.16 பதிப்பில் அறிவிப்பு அமைப்பை முழுதாகத் திரும்ப எழுதினார்கள், அதன் பலன் தெரிகிறது. சிஸ்டம் செற்றிங்ஸில் நொட்டிபிக்கேஷன்ஸ் பக்கத்தின் அடியில் நிரல்வாரியான அமைப்புக்குப் போகும் பொத்தான் உண்டு. ஒவ்வொரு நிரலுக்கும் பெட்டி காட்டுவதா, டூ நொட் டிஸ்டேர்ப் நேரத்திலும் காட்டுவதா, வரலாற்றில் சேர்ப்பதா என்று தனித்தனிக் கட்டங்கள். இன்னும் சுருக்கமான வழி: கரைச்சல் தரும் பெட்டி திரையில் நிற்கும்போதே அதன் மேல்மூலையில் இருக்கும் அமைப்புக் குறியைத் தட்டுங்கள். நேராக அந்த நிரலின் பக்கம் திறக்கும், பெயர் தேடும் வேலையே இல்லை.

கேடிஇயின் சொந்த நிரல்களுக்கு ‘நிகழ்வுகளை அமை’ என்ற பொத்தானும் இருக்கும். கோப்பு நகர்த்தி முடிந்ததைச் சொல்லாதே, பிழை வந்தால் சொல் என்று அங்கே பிரிக்கலாம். யாரென்று அடையாளம் தெரியாத நிரல்களெல்லாம் ‘மற்ற நிரல்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போகின்றன. அதை அணைத்தால் ஒரு கூட்டமே வாயடைக்கும் என்பதால் யோசித்து அணையுங்கள்.

டூ நொட் டிஸ்டேர்ப் பகுதியில் திரைகள் பிரதியாகும்போது தானாக அமைதியாகும் தெரிவும், திரைப் பகிர்வின்போது அமைதியாகும் தெரிவும் இருக்கின்றன. புரொஜெக்டரும் சூம் வகுப்பும் நடத்துபவர்கள் இரண்டும் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எக்ஸ்எஃப்சிஇ, மற்ற இலகு சூழல்கள்

பழைய இயந்திரங்களில் அதிகம் ஓடுவது எக்ஸ்எஃப்சிஇ. செற்றிங்ஸ் மனேஜரில் நொட்டிபிக்கேஷன்ஸைத் திறந்தால் ‘அப்ளிகேஷன்ஸ்’ தாவல். நிரலுக்கு நேரேயுள்ள சுவிட்சை அணைத்தால் முடிந்தது. இங்கேயும் ஒருமுறை அறிவிப்பு அனுப்பிய நிரல்தான் பட்டியலில் இருக்கும். ‘லொக்’ (பதிவேடு) தாவலில், அடக்கிய நிரல்களின் அறிவிப்பையும் பதிவில் சேர்ப்பதா என்று தெரிவு செய்யலாம். சேர்க்கச் சொல்லுங்கள். தவறிய செய்தியைப் பிறகு அங்கே தேடி எடுக்கலாம்.

உங்கள் சூழலில் நிரல்வாரிப் பட்டியலே இல்லையென்றால் அங்கே மினக்கெடாதீர்கள். நிரலுக்குள்ளேயே நிப்பாட்டுங்கள்.

டன்ஸ்ட், மாக்கோ

டன்ஸ்டின் பெயரை ஆங்கிலத்தில் டி, யு, என், எஸ், டி என்று எழுத வேண்டும். அதன் அமைப்புக் கோப்பு உங்கள் வீட்டுக் கோப்புறையில் புள்ளி கொன்ஃபிக் என்பதற்குள், டன்ஸ்ட் கோப்புறையில், டன்ஸ்ட்ஆர்சி என்ற பெயரில் இருக்கும். அதன் முடிவில் ஒரு புதிய பகுதி தொடங்குங்கள். சதுர அடைப்புக்குள் ஏதாவது ஒரு பெயர், ஆனால் கோப்பில் ஏற்கெனவே இல்லாத பெயர். அடுத்த வரியில் ஆப்நேம், ஒரே சொல்லாக, சமன் குறி, இரட்டை மேற்கோளுக்குள் நிரலின் பெயர். அதற்கடுத்த வரியில் ஸ்கிப், அடிக்கோடு, டிஸ்பிளே, சமன், யெஸ். இது பெட்டியை மட்டும் மறைக்கும், அறிவிப்பு வரலாற்றில் இருக்கும். வரலாறும் வேண்டாமென்றால் ஹிஸ்டரி, அடிக்கோடு, இக்னோர் என்பதற்கும் யெஸ் கொடுங்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை டன்ஸ்ட் மன்னிக்காது. டிபஸ்-மானிட்டரில் கண்டதை அப்படியே பிரதி எடுங்கள். பெயரின் நடுவில் பதிப்பு எண் ஏதும் வந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம். விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படுகின்றன, கீழே வருவது மேலே உள்ளதை மாற்றிவிடும். அதனால்தான் புதிய பகுதியை முடிவில் வைக்கச் சொன்னோம். சேமித்தபின் டன்ஸ்டை நிறுத்த வேண்டும். கில்லோல் டன்ஸ்ட் என்றால் நின்றுவிடும், அடுத்த அறிவிப்பு வரும்போது டி-பஸ் அதைத் தானாக எழுப்பும், அப்போது புதிய விதியோடு எழும்பும்.

மாக்கோவில் இன்னும் சுருக்கம். கொன்ஃபிக் கோப்பில் சதுர அடைப்புக்குள் ஆப்-நேம், சமன், மேற்கோளுக்குள் பெயர். இங்கே ஆப்புக்கும் நேமுக்கும் நடுவில் சிறுகோடு உண்டு. டன்ஸ்டில் இல்லை, மாக்கோவில் உண்டு, இதைத்தான் மாறிப் போடுவார்கள். அடுத்த வரியில் இன்விசிபிள், சமன், 1. பிறகு மாக்கோசிடிஎல் ரீலோட்.

விதி சரி, பெயரும் சரி, ஆனாலும் பெட்டி வருகிறதா? இரண்டு அறிவிப்புச் சேவைகள் நிறுவப்பட்டிருக்கலாம். எக்ஸ்எஃப்சிஇயில் தொடங்கிப் பிறகு ஐ3க்கு மாறிய இயந்திரங்களில் இது அடிக்கடி நடக்கும். எது முதலில் எழும்புகிறதோ அதுதான் வேலை செய்யும். பஸ்சிடிஎல், இரட்டைச் சிறுகோடு யூசர், ஸ்டேடஸ், பிறகு மேலே சொன்ன ஓ-ஆர்-ஜி ஃப்ரீடெஸ்க்டொப் நொட்டிபிக்கேஷன்ஸ் என்ற பெயர். இப்படித் தட்டினால் இப்போது நாற்காலியில் இருப்பது யார் என்று சொல்லும். வேண்டாததை அகற்றுங்கள்.

உலாவி: நிரல் ஒன்று, அறிவிப்பு பத்து

யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் கம்பஸைச் சுற்றியுள்ள பிரிண்ட், ஃபோட்டோக்கொப்பிக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கொம்பியூட்டரில் நாள் முழுக்க எத்தனையோ பேர் வந்து தங்கள் மெயிலைத் திறப்பார்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ என்பதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். அன்றிலிருந்து மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று பெட்டி பெட்டியாக வரும். வைரஸ் இல்லை. அந்தத் தளம் அனுமதி வாங்கிக்கொண்டு விளம்பரம் அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தப் பெட்டியைத் தட்டி உள்ளே போவதுதான் ஆபத்து.

இங்கே க்னோமிலோ பிளாஸ்மாவிலோ உலாவியை அணைத்தால், கூடவே வட்ஸ்அப் வெப்பும் மெயிலும் கலண்டரும் அணைந்துவிடும். சேவைக்கு எல்லாமே ‘ஃபயர்ஃபொக்ஸ்’ அல்லது ‘குரோம்’ என்ற ஒரே பெயரில்தான் போகின்றன. ஆகவே தளத்தை உலாவிக்குள் பிடிக்க வேண்டும். அறிவிப்புப் பெட்டியிலேயே தளத்தின் முகவரி சின்ன எழுத்தில் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஃபொக்ஸில் செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, கீழே பெர்மிஷன்ஸ், அதில் நொட்டிபிக்கேஷன்ஸ் வரியில் உள்ள செற்றிங்ஸ் பொத்தான். அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் வரும். கரைச்சல் தரும் தளத்தை ‘புளொக்’ என்று மாற்றுங்கள். ‘ரிமூவ்’ செய்தால் போதாது, அடுத்தமுறை அந்தத் தளம் மீண்டும் கேட்கும், மீண்டும் யாராவது அலவ் தட்டுவார்கள். அதே பெட்டியின் அடியில் ‘புதிய கோரிக்கைகளைத் தடு’ என்ற கட்டம் இருக்கிறது. கடைக் கொம்பியூட்டருக்கு அதைப் போட்டே ஆக வேண்டும். கடைசியில் சேமிக்கும் பொத்தானைத் தட்டாமல் மூடினால் செய்ததெல்லாம் போய்விடும்.

நொட்டிபிக்கேஷன்ஸ் வரியின் கீழேயே ‘ஃபயர்ஃபொக்ஸ் மறுபடி தொடங்கும்வரை அறிவிப்புகளை நிறுத்திவை’ என்றும் ஒரு கட்டம் உண்டு. வகுப்பு நேரத்துக்கு மட்டும் நிப்பாட்ட அதைவிடச் சுகமான வழி இல்லை. திரும்பப் போட மறக்கிற பிரச்சினையும் இல்லை.

குரோமில் செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, சைட் செற்றிங்ஸ், நொட்டிபிக்கேஷன்ஸ். தளத்தின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டிப் புளொக். மேலே தளங்கள் கேட்கவே முடியாதபடி மாற்றும் தெரிவும் உண்டு.

சொல்வழி கேட்காத நிரல்கள்

டெலிகிராம் டெஸ்க்டொப்பின் நொட்டிபிக்கேஷன்ஸ் அமைப்பில், சிஸ்டத்தின் அறிவிப்பைப் பாவிப்பதா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்திருந்தால் டெலிகிராம் தன் பெட்டியைத் தானே வரைகிறது. டி-பஸ்ஸில் எதுவும் போகாது, டிபஸ்-மானிட்டரிலும் எதுவும் தெரியாது. மானிட்டர் மௌனமாக இருக்க பெட்டி திரையில் நின்றால், அது நிரல் தானே வரைந்தது என்று முடிவெடுக்கலாம். அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிறகு க்னோமிலோ பிளாஸ்மாவிலோ அடக்குங்கள்.

தண்டர்பேர்டில் செற்றிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் மெயில் வரும்போது அறிவிப்பதா என்ற கட்டமும், பக்கத்தில் ‘கஸ்டமைஸ்’ பொத்தானும் உண்டு. அனுப்பியவர், தலைப்பு, முதல் வரி என்று எதைக் காட்டுவது என அங்கே தெரிவு செய்யலாம். முதல் வரியையும் தலைப்பையும் எடுத்துவிட்டால், மெயில் வந்தது தெரியும், என்ன மெயிலென்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சில வேளை முழுதாக அடக்குவதைவிட இது நல்லது.

பெட்டி நின்றுவிட்டது, ‘டிங்’ சத்தம் நிற்கவில்லையா? சத்தத்தைப் பல நிரல்கள் தாங்களே நேரடியாக ஒலிக்கின்றன, அறிவிப்புச் சேவைக்கு அதில் பங்கில்லை. முதலில் நிரலுக்குள் சத்தத்தை அணையுங்கள். முடியாவிட்டால் பாவுகொன்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலை நிறுவி, அதன் பிளேபக் தாவலைத் திறந்து வையுங்கள். சத்தம் வரும் அந்தக் கணத்தில் மட்டும்தான் நிரலின் பெயர் அங்கே தோன்றும். ஆகவே தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு போனிலிருந்து இரண்டு மூன்று செய்தி அனுப்பி, தோன்றியவுடன் ஊமைக் குறியைத் தட்டுங்கள். ஒருமுறை தட்டினால் அந்த நிரலுக்கு அது நினைவில் நிற்கும்.

ஃபிளாட்பாக் வழியாக நிறுவிய நிரலை வேலியிலேயே மறிக்கலாம். ஃபிளாட்பாக் ஓவர்ரைட், இரட்டைச் சிறுகோடு யூசர், பிறகு இரட்டைச் சிறுகோடு நோ-டோக்-நேம், சமன், ஓ-ஆர்-ஜி ஃப்ரீடெஸ்க்டொப் நொட்டிபிக்கேஷன்ஸ், கடைசியில் நிரலின் முழு அடையாளம். நிரலை மூடித் திறந்தால்தான் பலிக்கும். இது மொட்டைக் கத்தி. வரலாற்றிலும் எதுவும் சேராது, போர்ட்டல் என்ற மற்ற வாசலால் அனுப்பும் நிரலை இது தடுக்காது. வேறு வழியில்லாவிட்டால் மட்டும் பாவியுங்கள்.

நெட்வேர்க், அப்டேட், பற்றரி

டொங்கிளில் இணையம் விட்டு விட்டு வரும் இடங்களில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’, ‘இணைக்கப்பட்டது’ என்று மாறி மாறிப் பெட்டி வரும். எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே போன்றவற்றில் அதை அனுப்புவது என்எம்-அப்லெட். பட்டையிலுள்ள அதன் குறியை வலப்பக்கம் கிளிக் செய்து ‘எனேபிள் நொட்டிபிக்கேஷன்ஸ்’ என்பதன் சரிக்குறியை எடுத்தால் போதும்.

உபுண்டுவில் ஸ்னாப் நிரலுக்குப் புதுப்பிப்பு காத்திருக்கிறது, மூடுங்கள், இத்தனை நாள் இருக்கிறது என்று வரும் அறிவிப்பை அடக்கப் பார்க்காதீர்கள். 14 நாள் கழிந்தால் அது கேட்காமலே புதுப்பிக்கும், அதுவும் உங்கள் வகுப்பு நடுவில் விழலாம். அந்த நிரலை மூடிவிட்டு சுடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் என்று தட்டுங்கள், பெட்டி தானாக நின்றுவிடும். டேட்டா முடியப்போகிற நாளென்றால் ஸ்னாப் ரிஃப்ரெஷ் என்பதோடு இரட்டைச் சிறுகோடு ஹோல்ட், சமன், 72-எச், பிறகு நிரலின் பெயர் கொடுத்து மூன்று நாள் தள்ளிப் போடலாம். ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டியின் 2.58 பதிப்பு முதல் இது உண்டு.

பற்றரி குறைகிறது என்ற அறிவிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்காதீர்கள். கரண்ட் எப்போது நிற்கும் என்று தெரியாத ஊரில், ஃபானும் றூட்டரும் நின்ற பிறகும் லப்டொப் சத்தமில்லாமல் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சொல்லும் ஒரே குரல் அதுதான். பிளாஸ்மாவில் பவர் மனேஜ்மென்ட் என்ற பெயருக்கு, டூ நொட் டிஸ்டேர்ப் நேரத்திலும் காட்டு என்ற கட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வகுப்புக்கு முன் ஒரு சோதனை

நொட்டிஃபை-சென்ட் என்ற கட்டளை நீங்களே போலி அறிவிப்பு அனுப்ப உதவும். டெபியன், உபுண்டுவில் அது லிப்நொட்டிஃபை-பின் பொதியில் வருகிறது. சிறுகோடு ஏ போட்டுப் பெயரும், பிறகு மேற்கோளுக்குள் தலைப்பும் கொடுத்தால் அந்தப் பெயரில் அறிவிப்பு போகும். டன்ஸ்ட், மாக்கோ விதியைச் சோதிக்க இது போதும். க்னோமிலும் பிளாஸ்மாவிலும் பெயர் மட்டும் கொடுத்தால் போதாது. சிறுகோடு எச், இடைவெளி, ஸ்ட்ரிங் முக்காற்புள்ளி டெஸ்க்டொப்-என்ட்ரி முக்காற்புள்ளி என்று எழுதி நிரலின் உத்தியோகபூர்வப் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை சாதாரணமாக அனுப்புங்கள். பிறகு சிறுகோடு யு, கிரிட்டிக்கல் சேர்த்து அவசர அறிவிப்பாக அனுப்புங்கள். க்னோமில் பொப்அப்ஸ் மட்டும் அணைத்திருந்தால் முதலாவது வராது, இரண்டாவது வரும்.

கடைசியாகப் புரொஜெக்டரை இணைத்து, சூப்பர் விசையையும் (விண்டோஸ் படமுள்ள விசை) பி விசையையும் சேர்த்து அழுத்தி, பிரதி என்பதிலிருந்து நீட்டிப்பு என்பதற்கு மாற்றிப் பாருங்கள். க்னோம் அறிவிப்பைப் பிரதான திரையில் மட்டும்தான் காட்டும். டிஸ்பிளேஸ் அமைப்பில் லப்டொப் திரையைப் பிரதானமாக வைத்து, படத்தைச் சுவர்ப் பக்கம் இழுத்துவிட்டால், அடக்க மறந்த நிரலொன்று பேசினாலும் அது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பி, சுவரைப் பார்த்து உறுதிசெய்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.